குழிக்குள் கிடந்தபோது யாரும் அவனிடம் அதைச் சொல்லவில்லை

அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு நாள் நம்பரை மாற்றிக்கொண்டு ஆள் காணாமல் போனார், தவணை என் தலையில் விழுந்தது, கட்டி முடிக்க ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் அண்ணனைவிட அதிகமாக என்னை நோகடித்தது, ஜெபிக்க வந்தவர்கள் தவறாமல் சொன்ன ஒரு வாக்கியம்: "ஆண்டவர் ஏதோ நோக்கத்தோடதான் இதை அனுமதிச்சிருக்கார் தம்பி." விசுவாசமான வார்த்தைதான், ஆனால் மாசக் கடைசியில் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அப்புறம் பைபிளில் வரும் யோசேப்பின் கதையைத் திரும்ப வாசித்தேன். 17 வயதுப் பையனை அண்ணன்மாரே குழியில் தள்ளி, பிறகு 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள், எகிப்து ராஜாவான பார்வோன் முன்னால் அவன் நிற்கும்போது வயது 30. நடுவில் அடிமை வேலை, செய்யாத குற்றத்துக்குச் சிறை. சிறையில் அவனிடம் உதவி பெற்றுக்கொண்டு வெளியே போன, ராஜாவுக்கு மது பரிமாறும் பானபாத்திரக்காரன்கூட இரண்டு வருடம் அவனை மறந்துவிடுகிறான். இத்தனை காலத்தில் ஒருவரும் அவனிடம் வந்து இதிலே தேவ நோக்கம் இருக்கிறது என்று சொன்னதாக இல்லை. அதைச் சொல்வது அவனேதான், 20 வருடத்துக்கும் மேலே ஆன பிறகு, விற்ற அண்ணன்மாரைப் பார்த்து. (சிறையில் இருந்தபோது கர்த்தர் அவனோடு இருந்தார் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, காரணத்தை விளக்கினார் என்று எங்கேயும் இல்லை.) அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது.

அம்மா ஐசியூவில் இருந்த இரவு அண்ணன் வந்தார். ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, "உனக்குப் பெரிய துரோகம் பண்ணிட்டேன்டா" என்றார். வருடக்கணக்காக மனசுக்குள் பேசிப் பார்த்து வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. "சரி, விடுங்கண்ணே." அவ்வளவுதான். மனசு லேசாகிவிட்டதா என்றால் இல்லை, மறுநாளே பழைய கோபம் வந்து நின்றது.

போன மாதம் வேறொரு தாளை நீட்டினார், கையெழுத்துக்கு. போடவில்லை. யோசேப்பும் பஞ்சத்தில் வந்து நின்ற அண்ணன்மாருக்குத் தானியத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவர்களில் ஒருவனான சிமியோனைப் பிடித்து வைத்துச் சோதித்தவன்தானே.

*

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன், அந்த மறுநாள் கோபம் எனக்கும் பழக்கம். யூதர்களை ஒளித்து வைத்ததற்காக நாஜிகளிடம் பிடிபட்ட டச்சுக் கிறிஸ்தவர் கோரி டென் பூம் அம்மாவின் சாட்சி ஞாபகம் வந்தது. 1947இல் மியூனிக்கில் கூட்டம் முடிந்ததும், அவர் அடைபட்டுக் கிடந்த ராவென்ஸ்ப்ரூக் என்ற நாஜி வதைமுகாமின் பழைய காவலன் வந்து கை நீட்டுகிறான். அவருடைய அக்கா 1944 டிசம்பரில் செத்துப்போனது அந்த முகாமில்தான். கை எழவே இல்லையாம், உள்ளுக்குள் ஜெபித்துவிட்டு மரக்கட்டை மாதிரி நீட்டினாராம். எனக்குப் பிடித்தது அந்த மரக்கட்டைக் கைதான்.

பொய்ப் புகார் கொடுத்து என் வேலையைப் பறித்தவர் பெயரைச் சொல்லித் தினமும் ஜெபிக்கிறேன். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், இப்போது அவர் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்ல வருகிறது. போன வாரம் எதிரே வந்தார், நான் வணக்கம் சொன்னேன். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.