நண்டுக் கறிக்கு எந்த வைன்? மாமாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு யோசனை வேண்டும்

வெள்ளவத்தை மருமகள்:

வணக்கம். வருகிற சனிக்கிழமை மாமாவுக்கு 70 வயது நிறைகிறது. வீட்டிலேதான் சாப்பாடு, பதினொரு பேர். அடிலெய்டிலிருந்து வந்திருக்கிற தங்கச்சி குடும்பம் நாலு போத்தல் வைன் கொண்டுவந்திருக்கிறது. நாலும் யலும்பா என்ற ஒரே ஆஸ்திரேலிய வைன் நிறுவனத்துடையதாம். வெள்ளையில் வியோனியேயும் பியூசி வேல் தோட்டத்து ரீஸ்லிங்கும், சிவப்பில் கிரனாஷும் கபர்னே ஷிராஸும். இவை திராட்சை இனங்களின் பெயர்களாம்.

எங்கள் வீட்டில் வைன் பழக்கமில்லை. மாமா எப்போதாவது கொஞ்சம் சாராயம் எடுப்பார், அவ்வளவுதான். சமையல் மாமியின் கை. இடியப்பம், பால் சொதி, நண்டுக் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், அறக்குளா மீன் பொரியல், கணவாய்ப் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. தூள் ஊரிலிருந்து இடித்து வந்தது, உறைப்பு கூட. மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியென்றால் நண்டுக்கு வெள்ளையா? வைனுக்காகக் கறியில் தூளைக் குறைக்கச் சொல்லி மாமியிடம் கேட்கலாமா? இன்னொன்று, நாலு போத்தலுக்கும் கார்க் இல்லை, திருகு மூடிதான். மலிவுச் சரக்கோ என்று சின்ன மாமா கேட்கிறார்.

காலி வீதி ஸ்டூவர்ட்:

தங்கச்சி, மாமியிடம் அதை மட்டும் கேட்காதேங்கோ. பிறந்தநாள் சாப்பாட்டில் கறிதான் பெரிது. வைன் அதற்குப் பின்னால் வரட்டும்.

கொழும்பில் ஒரு ஹோட்டலில் 26 வருடம் மேசை மேசையாக வைன் ஊற்றியவன் நான். மீனா இறைச்சியா என்ற கணக்கு எங்கள் சாப்பாட்டுக்குச் சரிவராது. முதலில் உறைப்பைப் பாருங்கள், அடுத்தது தேங்காய்ப்பால், அதற்குப் பிறகு புளி. நாக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மதுசாரம் அந்த எரிவைக் கூட்டும். சிவப்பு வைனில் திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து இறங்குகிற கயர் இருக்கிறது. பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் வாய் இழுக்குமே, அதேதான். உறைப்போடு அது சேர்ந்தால் வாய் வறண்டு கசக்கும். என் மகளின் நிச்சயதார்த்தத்தில் நண்டுக் கறியோடு கபர்னே வைத்தேன். சம்பந்தி வீட்டார் இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். இத்தனை வருடம் இதே வேலை செய்தும் அன்று யோசிக்காமல் போனேனே என்று இப்போதும் மனம் வருந்தும்.

உங்கள் நாலுக்கும் வருகிறேன். ரீஸ்லிங்கை முதலில் திறவுங்கள். அந்தப் பியூசி வேல் தோட்டம் இருக்கிற ஈடன் பள்ளத்தாக்கு என்பது பெயருக்குத்தான் பள்ளத்தாக்கு. அது பரோசா என்ற வைன் பிரதேசத்துக்கு மேலே இருக்கிற குளிரான மேட்டு நிலம். அங்கே விளைகிற ரீஸ்லிங்கில் தேசிக்காய் வாசமும் கூர்மையான புளிப்பும் இருக்கும், இனிப்பு இராது. பொரித்த அறக்குளாவுக்குத் தேசிக்காய் பிழிவோமில்லையா? அந்த வேலையை இது செய்யும். கணவாய்க்கும் இதே போத்தல்தான்.

நண்டுக்கும் சொதிக்கும் வியோனியே. பாதாமி, பீச் பழ வாசமும் லேசான இஞ்சி மணமும் இருக்கும். புளிப்புக் குறைவு, வாயில் கொழுகொழுவென்று நிற்கும். தேங்காய்ப்பாலின் கனத்துக்கு ஈடுகொடுக்கிற வெள்ளை வைன்கள் அதிகமில்லை, அதில் இது ஒன்று. ஆனால் ஐஸாகக் குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். ஊற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்னே பிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள்.

ஆட்டிறைச்சிக்குக் கிரனாஷ். கயர் குறைந்த சிவப்பு, ராஸ்பெரிப் பழச் சுவை, பின்னால் மிளகும் கறுவாவும் போல ஒரு வாசம். பிரட்டலில் வறுத்த தூளின் மணத்தோடு நன்றாக ஒட்டும். சிவப்பைப் பிரிட்ஜில் வைக்கக்கூடாது என்பதைக் கொழும்பில் கடைப்பிடிக்காதேங்கோ. எங்கள் வீடுகளில் 30 பாகை, அதற்கு வேண்டியது 16, 17 தான். அரை மணி நேரம் பிரிட்ஜில் கிடக்கட்டும்.

கபர்னே ஷிராஸை அன்று திறக்கவே வேண்டாம். கயர் மிகுந்தது, வருடக்கணக்கில் இருக்கக்கூடியது. நத்தாருக்கு உறைப்பில்லாமல் மாட்டிறைச்சி ரோஸ்ட் வைத்தால் அப்போது எடுங்கள். ஒரு போத்தலில் அளவாக ஊற்றினால் ஐந்து கிளாஸ் வரும், ஆகவே மூன்று போத்தல் போதும்.

அடிலெய்டில் இருந்தவள்:

ஐயா சொன்னதில் நண்டை மட்டும் மாற்றுவேன். என் கை நண்டுக் கறியில் பழப்புளி தூக்கலாக இருக்கும், அதற்கு ரீஸ்லிங்கின் புளிப்புத்தான் பிடிக்கிறது. வியோனியே கொஞ்சம் மந்தமாகத் தெரிகிறது. பால் விட்ட நண்டு என்றால் ஐயா சொன்னதே சரி. மாமி எப்படி வைப்பார் என்று பார்த்து முடிவெடுங்கள்.

அடிலெய்டில் ஆறு வருடம் இருந்தபோது அங்காஸ்டன் என்ற ஊரில் உள்ள யலும்பாவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த பழைய கற்கட்டடம். இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் ஸ்மித் என்ற பியர் வடிப்பவர் 1849இல் தொடங்கியது. இன்றும் அதே வம்சத்து ஹில்-ஸ்மித் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. மரப் பீப்பாய்களைக்கூட அவர்களே செய்கிறார்கள். பீப்பாய்ப் பட்டறையில் ஓக் பலகையை நெருப்பில் வாட்டி வளைக்கிற வாசம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது.

வியோனியே பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் அழியும் நிலைக்கு வந்த திராட்சை இனம். இவர்கள் 1980இல் ஈடன் பள்ளத்தாக்கில் நட்டு வளர்த்தெடுத்தார்கள். கிரனாஷிலோ 1889இல் நட்ட கொடிகள் இப்போதும் காய்க்கின்றன. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலொக்செரா என்ற வேர்ப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் வரவில்லை, அதனால் தப்பிய கொடிகள்.

சின்ன மாமாவிடம் சொல்லுங்கள், திருகு மூடி மலிவுக்காகப் போட்டதில்லை. கார்க் கெட்டுப் போனால் வைனில் ஈரக் கடதாசி நாற்றம் வரும். 1970களிலேயே தங்கள் ரீஸ்லிங்குக்குத் திருகு மூடி போட்டுப் பார்த்தவர்கள் இவர்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் ஏற்கவில்லை, இப்போது ஆஸ்திரேலியா முழுக்க அதுதான்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:

அக்கா, குடிக்காதவர்களை மறந்துவிடாதீர்கள். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் யாழ்ப்பாணத்துத் தோலகட்டி நெல்லி ரசம் ஒரு போத்தல் வாங்குங்கள். 1928இல் தொடங்கிய செபமாலைத் தாசர் என்ற கத்தோலிக்கத் துறவிகள் மடத்தின் பெயரோடு சேர்ந்தே அறியப்பட்ட ரசம். குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, அதே வைன் கிளாஸில் கொடுங்கள். எங்கள் அம்மம்மாவுக்கு அப்படிக் கொடுத்தால்தான் சந்தோஷம். உறைப்புக்குப் பிறகு அந்த இனிப்பும் துவர்ப்பும் நாக்குக்கு நல்ல இதம்.

வெள்ளவத்தை மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. சனி இரவு நன்றாக முடிந்தது.

மாமி நண்டுக்குப் பாலும் விட்டார், புளியும் விட்டார். அதனால் இரண்டு வெள்ளையையும் மேசையில் வைத்துவிட்டேன். நான் வியோனியே பக்கம், தங்கச்சி ரீஸ்லிங் பக்கம். அறக்குளாவுக்கு ரீஸ்லிங் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. மாமா வெள்ளையை ஒரு மிடறோடு வைத்துவிட்டார். கிரனாஷை ஆட்டிறைச்சியோடு கொடுத்ததும் பேசாமல் குடித்தார், பிறகு கிளாஸை நீட்டி "இன்னும் கொஞ்சம் விடு பிள்ளை" என்றார். மாமி நெல்லி ரசக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எல்லாப் படத்திலும் நிற்கிறார்.

கபர்னே ஷிராஸ் அப்படியே இருக்கிறது. குசினி அலுமாரியில் வைத்தால் நத்தார் வரை தாங்குமா?

காலி வீதி ஸ்டூவர்ட்:

குசினியில் வேண்டாம், அடுப்புச் சூடு ஆகாது. ஏசி போடுகிற அறை இருந்தாலும் பகலில் நிறுத்திவிடுவீர்கள், சூடு ஏறி இறங்கும். பிரிட்ஜில் கீழே மரக்கறித் தட்டில் படுக்க வையுங்கள். நத்தாரன்று பரிமாற ஒரு மணி நேரம் முன்னே எடுத்து, மூடியைத் திறந்து வையுங்கள். மாமாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.