800 மீட்டர் ஆழமாம், யார் அளந்தது?

கடைமடையான்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "நரிமணம் பக்கம் வற்றிய எண்ணெய்க் கிணறுகளில் அனல்மின் நிலையத்துக் கரியமில வாயுவை அடைத்துவிட்டால் டெல்டாவுக்கும் வருமானம்." அடைத்துவிட்டால்! அது என்ன ஊறுகாய் ஜாடியா?

புகைபோக்கி: எழுதியது நான்தான். 800 மீட்டருக்குக் கீழேதான் இறக்குவார்கள். அந்த அழுத்தத்தில் வாயு திரவம் போல இறுகிவிடும், மேலே களிப்பாறை மூடி. நார்வேக்காரன் ஸ்லெய்ப்னர் எரிவாயு வயலில் 1996-லிருந்து கடலடியில் செய்கிறான். உங்கள் போர்வெல் எத்தனை அடி?

கடைமடையான்: 240 அடி. அதிலேயே உப்பு. 800 மீட்டருக்குப் போகிற குழாய் எங்கள் 240 அடியைத் தாண்டித்தானே போக வேண்டும்? பழைய கிணற்றில் குழாயைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் இன்று எப்படி இருக்கிறதென்று யார் பார்த்தார்கள்? இந்த வாயு தண்ணீரில் கரைந்தால் அமிலம்.

ஐயாற்றுப் பேரன்: ஸ்லெய்ப்னர் மின் நிலையமே இல்லையே. எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது பிரிகிற வாயு அது. மின் நிலையம் என்றால் கனடாவின் பவுண்டரி டாம், 2014. அங்கே பிடித்ததில் பெரும்பகுதி, பழைய எண்ணெய் வயலில் இறக்கி மிச்ச எண்ணெயைத் தள்ளி எடுக்கத்தான் போனது.

புகைபோக்கி: கனடாவை யார் கேட்டார்கள்? 800 மீட்டருக்குப் பதில் சொல்லுங்கள். நம் தூத்துக்குடியிலேயே நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து பிடிக்கிறார்கள்.

கடைமடையான்: பிடித்துப் புதைக்கவில்லை சார், கண்ணாடிக்கும் சோப்புத் தூளுக்கும் போகிற சோடா ஆஷ் செய்கிறார்கள். ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். 2020-ல் மிசிசிப்பியில் சட்டார்சியா ஊருக்குப் பக்கத்தில் இதே வாயுக் குழாய் உடைந்து 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கார் இஞ்சின்கூட நின்றுவிட்டது. காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். எங்கள் ஊரே பள்ளம்.

புகைபோக்கி: பயமுறுத்துவதே உங்கள் வேலை. போன குறுவைக்கும் "தண்ணீர் வராது" என்று இங்கே ஒப்பாரி வைத்தீர்கள். வந்ததா இல்லையா?

கடைமடையான்: வந்தது, தஞ்சாவூர்க்காரர்களுக்கு. எங்கள் வாய்க்காலில் சேறும் ஆகாயத்தாமரையும்தான் வந்தது.

ஐயாற்றுப் பேரன்: எங்களை ஏன் இழுக்கிறீர்கள்? நாங்களும் மோட்டார் போட்டுத்தான் நாற்று விட்டோம்.

கடைமடையான்: இலவச மின்சாரம், நல்ல தண்ணீர். போடுவீர்கள்.

ஐயாற்றுப் பேரன்: உங்களுக்கு மட்டும் பில் வருகிறதோ?

புகைபோக்கி: 800 மீட்டர். இன்னும் பதில் வரவில்லை.

கடைமடையான்: 240 அடி. முதலில் அதைத் தாண்டுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன், ஓடிவிடாதீர்கள்.