மிளகு தேடிப் போனவர்கள் அமெரிக்காவிலேயே தங்கியது ஏன்?

வினாத்தாள்:
1453-ல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்கள், பழைய வணிகவழி அடைபட்டது, ஐரோப்பியர் கடல்வழி தேடினார்கள் என்கிறது பள்ளிப் பாடம். சரி, தேடியது ஆசியாவை. அமெரிக்காவில் மிளகும் இல்லை, பட்டும் இல்லை. குறுக்கே வந்த கண்டத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் அங்கேயே ஏன் குடியேறினார்கள்?

சுக்கான்:
முதலில் அந்த 1453 கதையை ஓரமாக வையுங்கள். மிளகு பெரும்பாலும் செங்கடல், கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா வழியாகத்தான் போனது. எகிப்து 1517 வரை துருக்கியர் கையில் இல்லை, மம்லூக் சுல்தான்கள் கையில். வெனிஸ் வணிகர்கள் அங்கே வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். போர்ச்சுகலோ 1415-லேயே ஆப்பிரிக்கக் கரையில் சியூட்டாவைப் பிடித்துவிட்டது. ஆப்பிரிக்கத் தங்கம் முதல் இலக்கு. இடைத்தரகர் இல்லாமல் ஆசியச் சரக்கு வாங்குவது அடுத்தது.

ஸ்பெயினுக்கு மேற்கை விட்டால் வழியில்லை. 1479 அல்காசோவாஸ் உடன்படிக்கைப்படி ஆப்பிரிக்கக் கரைவழி போர்ச்சுகலுக்கு, கேனரித் தீவுகள் ஸ்பெயினின் முக்கிய அரசான காஸ்டிலுக்கு. கேனரியிலிருந்து ஜப்பான் சுமார் 2,400 கடல் மைல் என்று கொலம்பஸ் கணக்குப் போட்டார். உண்மையில் 10,000-க்கும் மேல். இடைக்கால வானியலாளர் அல்-ஃபர்கானியின் அரபு மைலைக் குட்டையான இத்தாலிய மைலாக எடுத்துக்கொண்டதால் பூமியே சுருங்கிவிட்டது. அறிஞர்கள் அவரை மறுத்ததும் இந்தத் தூரத்தால்தான். பூமி தட்டை என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
போனதற்கு ஒரு காரணம், தங்கியதற்கு வேறு காரணம். பணம் போட்டது யார் என்று பாருங்கள். மெக்சிகோவைப் பிடித்த கோர்டெஸ், பெருவைப் பிடித்த பிசாரோ ஆட்களுக்கு அரசு சம்பளம் தரவில்லை. கடன் வாங்கி, பங்கு சேர்ந்து கிளம்பியவர்கள். கொள்ளையில் ஐந்தில் ஒன்று அரசருக்கு, மிச்சம் பங்காளிகளுக்கு. அது தீர்ந்த பிறகு கைகொடுத்தது என்கோமியெண்டா: குறிப்பிட்ட ஊர்களின் திறையையும் உழைப்பையும் பெறும் உரிமை. உழைப்பவர்களை விட்டு ஊர் திரும்பினால் வருமானம் போய்விடும்.

உண்மையான மூலதனம் 1545-ல் பொட்டோசியில் (அன்று பெருவின் பகுதி, இன்று பொலிவியா) கிடைத்த வெள்ளி. மேற்பரப்பின் வளமான தாது சில பத்தாண்டுகளில் தீர்ந்தது. மட்டமான தாதுவை உருக்கினால் எரிபொருள் செலவுக்கே கட்டாது. 1554-ல் மெக்சிகோவின் பச்சூகாவில் பார்த்தலோமே தெ மெதினா வேறு முறையைக் காட்டினார்: தாதுவை மாவாக அரைத்து, உப்பும் பாதரசமும் சேர்த்து, வாரக்கணக்கில் மிதித்துக் கலக்க வேண்டும். கழுவி எடுத்த கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், வெள்ளி மிஞ்சும். பெருவிலேயே ஹுவான்காவெலிகாவில் பாதரசமும் அகப்பட்டது. 1570-களில் அரசரின் ஆளுநரான வைஸ்ராய் டொலேடோ, முன்பு பெருவை ஆண்ட இன்காக்களின் மித்தா என்ற கட்டாய உழைப்பு முறையைத் தன் தேவைக்குத் திருப்பி, முறைவைத்து ஏழில் ஓர் ஆணைச் சுரங்கத்துக்கு இழுத்தார். அந்தப் பாதரசப் புகையும் அவர்கள் நெஞ்சுக்குள்தான் போனது.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான். சீனா வெள்ளிக்கு ஏங்கியது. 1571-ல் மணிலா ஸ்பெயின் கைக்கு வந்ததும் அமெரிக்க வெள்ளி பசிபிக்கைக் கடந்து போனது, பட்டு திரும்பி வந்தது. ஆசியச் சரக்குக்கான காசு அமெரிக்காவில் இருந்தது.

துறைமுகம்:
இது ஸ்பெயின் கதை. ஆங்கிலேயர் 1607-ல் வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுனில் இறங்கித் தங்கம் தேடினார்கள், கிடைத்தது பட்டினி. காப்பாற்றியது 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் பயிரிட்ட புகையிலை. அது சில விளைச்சலிலேயே மண்ணைச் சாரமிழக்க வைக்கும், ஆகவே புது நிலம் வேண்டும். ஓர் ஆளின் பயணச் செலவை ஏற்றால் 50 ஏக்கர் என்று குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனி அறிவித்தது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சுக்காரருக்கு வேண்டியது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். வேட்டையாடித் தந்தது பழங்குடிகள் என்பதால் குடியேற்றம் சொற்பம்.

வினாத்தாள்:
அப்படியானால் மதம் வெறும் சாக்கா?

செப்பேடு:
சாக்கு என்று ஒதுக்க முடியாது, உரிமைப் பத்திரமே அதுதான். 1493-ல் போப் ஆறாம் அலெக்சாண்டர் மேற்கு நிலங்களைக் காஸ்டிலுக்குத் தந்தது மதம் பரப்பும் பொறுப்போடு. 1513 முதல் போருக்கு முன் 'ரெகெரிமியெண்டோ' என்ற எச்சரிக்கை அறிவிப்பைப் பழங்குடிகளுக்கு வாசிக்க வேண்டும்: போப்பையும் அரசரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்தால் போர், அடிமைத்தனம், பழியும் உங்களுக்கே. வாசித்தது ஸ்பானிய மொழியில், சில சமயம் ஆளே இல்லாத குடிசைகளுக்கு முன்னால். வாசித்தாயிற்று என்று சான்றெழுத மட்டும் ஒரு நோட்டரி தவறாமல் தேவைப்பட்டார்.