மாலை போட்டு நிறுத்தியவர்களும் மாத்திரையில் நிறுத்தியவர்களும்

கரூர் தங்கை:
எங்கள் அண்ணனுக்குக் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கும். சபரிமலைக்கு மாலை போட்டால் விட்டுவிடுவார் என்று கார்த்திகை முதல் தேதி அம்மா பிடிவாதமாகப் போட வைத்தார். அன்றைக்கே நிறுத்திவிட்டார். மறுநாள் முழுக்க வேர்வை, வாந்தி, பொட்டுத் தூக்கம் இல்லை. அதற்கடுத்த ராத்திரி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று துண்டால் அடிக்க ஆரம்பித்தார். செத்துப்போன அப்பாவோடு பேசினார். தெருவில் பாதிப் பேர் சாமி வந்திருக்கிறது என்றார்கள், மீதிப் பேர் விரதத்தில் ஏதோ தீட்டு என்றார்கள். குருசாமிதான், "இது சாமி இல்லம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்த மனிதருக்குக் கோயிலே கட்டலாம்.

வார்டு நர்ஸ்:
கார்த்திகையில் எங்களுக்கு இது பழக்கம். 2020 ஊரடங்கில் டாஸ்மாக் மூடியபோதும் இதே கதைதான். தினமும் நிறையக் குடிப்பவரின் மூளையைச் சாராயம் அமுக்கிக்கொண்டே இருக்கும். மூளையும் அதை எதிர்த்து முறுக்கேறியே இருக்கும். சாராயம் சட்டென்று நின்றால் முறுக்கு மட்டும் மிச்சம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் இந்தப் பிதற்றல், கவனிக்காவிட்டால் உயிரே போகும். லிப்ரியம் மாதிரி, அந்த முறுக்கைத் தணிக்கிற மாத்திரையை அதிகமாக ஆரம்பித்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருவோம். தயமின் என்கிற பி1 ஊசியையும் குளுக்கோஸுக்கு முன்னால் போட்டாக வேண்டும், இல்லையென்றால் மூளை பாதித்து ஞாபகசக்தி போகலாம். தெம்புக்கு என்று வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், பார்த்தாலே பகீரென்கிறது.

குடியை விட்டவன்:
வார்டில் நடப்பது ஒரு வாரம், பத்து நாள். அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. எங்கள் வீட்டில் "குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரசத்தில் டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்துப் போட்டார்கள். நான் வழக்கம்போலக் குவார்ட்டரைத் திறந்தேன். முகமெல்லாம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, பி.பி. இறங்கி, ஆம்புலன்ஸில்தான் போனேன். உடம்பு சாராயத்தை உடைக்கும்போது நடுவில் ஒரு நஞ்சு உண்டாகும். அதை மேற்கொண்டு உடைய விடாமல் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் பலம் இருக்கும். இருதய நோய் இருக்கிறவருக்குக் கொடுத்தால் அவ்வளவுதான்.

பிற்பாடு அதே மாத்திரையை டாக்டர் சொல்லி, தெரிந்தே சாப்பிட்டேன். தினமும் காலையில் வீட்டுக்காரி கையால். திருட்டுத்தனமாகக் கொடுத்தபோது வந்த கோபம் இப்போது வரவில்லை. கூடவே ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்கிற, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கும் போகிறேன். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது, இன்றைக்கு நம் ஊரிலும் நடக்கிறது. காசு கிடையாது, ஊர் பேர் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் போடுங்கள், இலவசம்.

கரூர் தங்கை:
நல்ல வேளை சொன்னீர்கள், அம்மா அந்த மாத்திரையைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் ஒரு காதுகுத்து வருகிறது. தாய்மாமன் பாட்டில் வாங்கித் தந்து தானும் ஒரு வாய் போட வேண்டும் என்று பங்காளிகள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் எப்படித் தட்டிக்கழித்தீர்கள் அண்ணா?

குடியை விட்டவன்:
குடியை விட்டுவிட்டேன் என்று சொன்னால் விட மாட்டார்கள் தங்கச்சி. மஞ்சள் காமாலை என்று சொல்லச் சொல். பாட்டில் வாங்கும் பொறுப்பும் வேறு யாருக்காவது போகட்டும்.