கச்சான் வெக்கைக்கு முயலைக் குளிப்பாட்டலாமா?

நிலாவெளி: கச்சான் காத்து தொடங்கிட்டுது, பகல்ல 34, 35 பாகை போகுது. அங்கோரா மாதிரி நீளமயிர் முயல் வளர்க்கிற ஆக்களிட்ட ரெண்டு கேள்வி. கிழமைக்கு ஒருக்கா குளிப்பாட்டினா சூடு தணியுமா? மயிரை வெட்டத்தான் வேணுமா, சீப்பால இழுத்து விட்டாக் காணுமா? காரணத்தோட சொல்லுங்க, வெறுமனே ஓம், இல்லை வேண்டாம்.

உவர்மலையான்: தாராளமாக் குளிப்பாட்டலாம். நாய் குளிக்குது, பூனையையும் குளிப்பாட்டுறம், முயலுக்கு மட்டும் என்ன விசேஷம்? அரை வாளி இளஞ்சூட்டுத் தண்ணி, ஒரு தேக்கரண்டி பேபி ஷாம்பு, பத்து நிமிஷ வேலை. பிறகு முற்றத்து வெயில்ல விட்டா இந்தக் காத்துக்கு அரை மணித்தியாலத்தில காய்ஞ்சிடும். பின்பக்கம் மூத்திரம் ஊறி மஞ்சளாக் கிடக்கிற முயலை அப்படியே விடுறதுதான் பாவம்.

தம்பலகாமம்: அண்ணே, அரை மணித்தியாலத்தில காயுறது மேல்மயிர். அடியில பஞ்சு போல இன்னொரு மயிர் இருக்கு. விரலால பிரிச்சுப் பாருங்க, தோலோட ஒட்டின ஈரம் மணிக்கணக்கா நிக்கும். அந்த ஈரத்தில தோல் ஊறிப் புண் வரும், நீளமயிர் நனைஞ்சு உரசினா கம்பளி மாதிரி இறுகித் திரையும். அதுக்கு மேல பயம். முயலின்ட எலும்பு முழுக்கச் சேர்த்தாலும் உடம்பு நிறையில 8 வீதம் அளவுதான், பின்னங்கால் தசையோ பெருசு. வாளிக்குள்ள வழுக்கி ஒரு உதை உதைச்சா இடுப்புக்கிட்ட முதுகெலும்பு தன்ட பலத்திலயே முறியும்.

முற்றத்து வெயிலைப் பற்றி ஒண்டு. முயல் நாய் மாதிரி இளைச்சோ எங்களை மாதிரி வேர்த்தோ சூட்டைக் கழிக்கிறதில்லை. பெரும்பகுதி காதாலதான் போகும். சூடு தணிய வேணுமெண்டா ஈரத் துணியால காதின்ட வெளிப்பக்கத்தைத் துடைச்சு விடுங்க. தண்ணிப் போத்தலொண்டை உறைய வைச்சுத் துணியால சுத்திக் கூட்டுக்குள்ள வைச்சா முயல் தானாப் போய்ச் சாயும்.

உவர்மலையான்: சரி, காதைத் துடைப்பம். நாத்தத்துக்கு என்ன வழி? "வேண்டாம்" எண்டு சொல்ல எல்லாருக்கும் தெரியும்.

சாம்பல்தீவு: அந்தக் கேள்வி நியாயம். முழுக்குளிப்பு வேண்டாம் எண்டதால ஒரு சொட்டுத் தண்ணியும் படக்கூடாது எண்டு இல்லை. முதல்ல உலர் முறை. கோர்ன் ஃப்ளவர் ரெண்டு மேசைக்கரண்டி எடுத்து ஊத்தைப் பட்ட இடத்தில மட்டும் தடவி, ரெண்டு நிமிஷம் விட்டு, பேன் சீப்பால நுனியில இருந்து தோல்பக்கமாச் சிக்கெடுங்க. மூக்குப் பக்கம் தூள் போகக்கூடாது. பவுடர் டின்னைத் தொடவே வேண்டாம், அது சுவாசப்பைக்குக் கூடாது.

அதுக்கும் போகாட்டி ஒரு பேசினில 3 சென்ரிமீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணி. அடியில துவாய் விரிச்சாத்தான் கால் வழுக்காது. பின்பக்கம் மட்டும் நனையட்டும், சவர்க்காரம் வேண்டாம். துவாயால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. மயிரைப் பிரிச்சுத் தோல் உலர்ந்ததைக் கண்ணால கண்ட பிறகுதான் கூட்டுக்குள்ள விடலாம். இந்தப் பக்கம் பச்சையா மினுங்குற இலையானுக்குக் குறைவில்லை. அழுக்கான பின்பக்கத்தில முட்டை போட்டா ஒரு நாளுக்குள்ள புழு. வெக்கை காலத்தில காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்க.

ஏன் ஊத்தையாகுது எண்டதை ஒருத்தரும் கேட்கேல்லை. முயல் தன்ட மெதுப் புழுக்கையைத் திரும்பத் தின்னும். பாண், கரட், பெலட் எண்ட கடைத் தீன் கூடினா அது தின்னாம விட்டு வாலோட ஒட்டிக்கொள்ளும். பெலட் ஒரு கிலோ நிறைக்கு நாளைக்கு 25 கிராமுக்கு மேல போகக்கூடாது. மிச்சமெல்லாம் கினிப் புல்லும் காய்ஞ்ச புல்லும்தான்.

தம்பலகாமம்: பேசின் கதைக்கு ஒத்துக்கொள்றன். மயிர் வெட்டுறதுக்கு மட்டும் ஏலாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சீப்பால இழுத்தாக் காணும். மயிர் இருந்தாத்தான் வெயிலுக்கும் மறைப்பு.

சாம்பல்தீவு: கட்டைமயிர் முயலுக்கு அது சரி. கிழமைக்கு ஒருக்கா, மயிர் கொட்டுற நாட்கள்ல தினமும், உள்ளங்கையை ஈரமாக்கித் தடவினாலே பாதி மயிர் கையோட வரும். அங்கோராவுக்கு அப்படி இல்லை. கம்பளிக்கு வளர்க்கிறவங்களே மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வெட்டுறாங்க, இந்த வெக்கையில விட்டு வைக்க நியாயமே இல்லை.

ஆனா கத்தரிக்கோலை எடுக்க முதல் இதைத் தெரிஞ்சிருக்க வேணும். சிக்கை இழுத்துப் பிடிச்சா மெல்லிசுத் தோலும் கூடாரம் மாதிரி மேல எழும்பும். "மயிர்தானே" எண்டு வெட்டினா வெட்டுப்படுறது தோல். சீப்பைச் சிக்குக்கும் தோலுக்கும் இடையில குத்திப் பிடிச்சு, சீப்புக்கு மேலால மட்டும் வெட்டுங்க. 2 சென்ரிமீற்றர் விடுங்க, ஒட்ட வழிக்க வேண்டாம். உள்ளங்கால் மயிரை ஒரு நாளும் வெட்டாதீங்க. முயலுக்கு நாய் மாதிரிப் பாத மெத்தை இல்லை, அந்த மயிர்தான் மெத்தை. போனா கம்பிக் கூட்டில குதிக்கால் புண்ணாகும்.

உவர்மலையான்: நல்லது. நகம் வெட்ட மடியில மல்லாத்திப் போட்டா அசையாம நித்திரையாகும், அதுக்கும் குறை சொல்லுவீங்களோ?

தம்பலகாமம்: சொல்லுவன். அது நித்திரை இல்லை. நரி கவ்வின முயல் செத்த மாதிரிக் கிடக்கிற அதே பயம். திடீரெண்டு தெளிஞ்சு உதைச்சா, முதல் சொன்ன முதுகெலும்புதான். தரையில துவாயை விரிச்சு, காது வெளியில இருக்கச் சுத்தி, ஒரு காலை மட்டும் இழுத்து எடுங்க. முன்னங்காலுக்கு அஞ்சஞ்சு, பின்னங்காலுக்கு நாலு நாலு, மொத்தம் 18. முன்னங்கால் உட்பக்கத்தில மேல ஒளிஞ்சிருக்கிறதைத்தான் எல்லாரும் மறந்து போறது. கறுப்பு நகமெண்டா பின்னால டோர்ச் அடிச்சா ரத்தக்குழாய் தெரியும், அதுக்கு 2 மில்லிமீற்றர் முன்னால வெட்டுங்க. ரத்தம் வந்தா அதே கோர்ன் ஃப்ளவரை அழுத்தி ரெண்டு நிமிஷம் பிடிங்க.

நிலாவெளி: காது ஓரத்தில வெள்ளையாப் பொருக்கு வந்தா, நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்ப்ரே அடிக்கலாமா?

தம்பலகாமம்: ஐயோ, கூடவே கூடாது. அந்த ஸ்ப்ரே பலதில ஃபிப்ரோனில் எண்ட பூச்சிமருந்து இருக்கு, முயலுக்கு அது வலிப்பு வரப்பண்ணிக் கொல்லும். பொருக்கைப் பிய்க்கவும் வேண்டாம், கீழ பச்சைப் புண். அது சொறிப்பூச்சி. மிருக வைத்தியர் நிறை பார்த்து ஐவர்மெக்டின் போட்டு, ரெண்டு கிழமை மட்டில திரும்பவும் போட்டா பொருக்குத் தானா உதிரும்.

உவர்மலையான்: குளிப்பை விடுறன், மல்லாத்துறதையும் விடுறன். வெட்டுறது வெட்டுறதுதான். எந்த நேரம் நல்லது?

சாம்பல்தீவு: காலமை ஆறு மணிக்கு, காத்துச் சுட முதல். ஒரு பக்கம் இண்டைக்கு, மற்றப் பக்கம் நாளைக்கு எண்டு பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல போகாம வெட்டுங்க. ரெண்டு நாள் அரைகுறையா நிண்டாலும் முயல் கண்ணாடி பார்க்கப் போறதில்லை. வெட்டின அண்டு பின்னேரம் புல்லுத் தின்னுதா, புழுக்கை போடுதா எண்டு பாருங்க. பயத்தில குடல் நிண்டு போகும். 12 மணித்தியாலம் ஒண்டும் தின்னாட்டி அடுத்த நாள் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அண்டைக்கே வைத்தியரிட்டக் கொண்டு போங்க.