எமர்ஜென்சி பிளாங்கெட், பிவ்வி பேக்: தமிழில் என்ன சொல்லலாம்?

தருமபுரியிலிருந்து:

வணக்கம். வத்தல்மலை, சித்தேரி, மேலகிரிப் பக்கம் மலையேறப் போகும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு தயாராகிறது. கால் பிசகியோ வழி தவறியோ மலையிலேயே இருட்டிவிட்டால், குளிரையும் மழையையும் சமாளிக்கப் பையில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பகுதி அது. மூன்று பொருள்களுக்குச் சொல் வேண்டும். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளிநிற எமர்ஜென்சி பிளாங்கெட் ஒன்று. ஆள் உள்ளே புகுந்துகொள்ளும் பிவ்வி பேக் இன்னொன்று. நாலைந்து பேர் உட்கார்ந்தபடியே தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளும், கம்பும் அடித்துணியும் இல்லாத குரூப் ஷெல்டர் மூன்றாவது.

இப்போதைக்கு 'அவசரகால வெப்பப் போர்வை', 'அவசரகால உறக்கப் பை', 'குழுக் கூடாரம்' என்று எழுதியிருக்கிறோம். மூன்றுமே மனசுக்கு ஒட்டவில்லை. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம். ஆகவே குளிருக்கு நெருப்பு போடுங்கள் என்று எழுத வழியில்லை. பையில் இருக்கும் பொருள்தான் ஆளைக் காப்பாற்ற வேண்டும். அதனால் பெயரிலேயே குழப்பம் இருக்கக் கூடாது.

ஓசூரிலிருந்து:

'வெப்பப் போர்வை' வேண்டவே வேண்டாம், ஐயா. அந்தத் தாளுக்குச் சொந்தச் சூடு கிடையாது. சுமார் 12 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர் படலத்தின் மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்தது, அவ்வளவுதான். 1960களில் அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காக உருவான பொருள். எடை 50, 60 கிராம். விரித்தால் 210 செ.மீ. நீளம், 130 முதல் 160 செ.மீ. வரை அகலம் இருக்கும். உடம்பிலிருந்து கதிர்வீச்சாகப் போகும் வெப்பத்தைத் திருப்பிவிடும், காற்றையும் ஈரத்தையும் தடுக்கும். கம்பளியில் இழைகளுக்கு நடுவே காற்று தங்குகிறது, அந்தக் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. இந்தத் தாளில் அப்படி எதுவும் தங்காது. உடம்போடு ஒட்டிய இடத்தில் சூடு நேராகத் தாளைக் கடந்து போய்விடும்.

தரையில் விரித்து அதன் மேல் படுத்தால் ஈரம் ஏறாது, ஆனால் தரை சூட்டை உறிஞ்சுவது நிற்காது. போட வேண்டிய வரிசை இது: காய்ந்த சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் தளர்வாக இந்தத் தாள், எல்லாவற்றுக்கும் வெளியே மழைக்கோட்டு. மழைக்கோட்டு வெளியே இருந்தால் தாள் காற்றில் படபடக்காது. காற்றில் அடிபட்டு ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது கடைசிவரை கிழிந்துகொண்டே போகும். 'வெப்பப் போர்வை' என்று படித்தவர் நனைந்த பனியனுக்கு மேல் இதை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சூடு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். பெயரே ஆளை ஏமாற்றிவிடும்.

'வெப்பமறிதாள்' என்று சொல்லலாம். ஆட்டை மறிப்பது, தண்ணீரை மறித்துக் கட்டுவது என்று ஊரில் புழங்கும் வினைதான். வெயிலில் இதையே மேலே கட்டினால் வெளிச்சூட்டையும் மறிக்கும். இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது.

அரூரிலிருந்து:

வெப்பமறிதாள் சரி. 'உறக்கப் பை' சரியில்லை. அது ஸ்லீப்பிங் பேக்குக்குப் போக வேண்டிய பெயர். அதில் பஞ்சு அடைத்திருக்கும், இதில் ஒன்றும் இராது. பட்டியலில் 'உறக்கப் பை' என்று பார்க்கும் பிள்ளை, இதை எடுத்துவைத்துவிட்டு ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரும்.

'மழைக்கு ஒண்ட இடமில்லை', 'கோயில் மண்டபத்தில் ஒண்டினோம்' என்கிறோமே, அந்த 'ஒண்டு' இருக்கிறது. கொஞ்ச நேரம், கொஞ்ச இடம், வேறு போக்கில்லை என்ற மூன்றும் அந்த ஒரு வினைக்குள் அடங்கியிருக்கின்றன. 'அவசரகால' என்ற வாலே தேவைப்படாது. பிவ்வி பேக் 'ஒண்டுபை'. குரூப் ஷெல்டர் 'ஒண்டுகூடு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. 'ஒண்டுப்பை' என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

முதலில் பிவ்வி பேக்குக்கு, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் 'கொங்காணி'யின் பெயரையே வைக்கலாமா என்று தோன்றியது. சாக்கின் அடி மூலை ஒன்றை உள்ளே குத்தி மற்ற மூலைக்குள் தள்ளினால் கூரான முக்காடு கிடைக்கும். தலையில் மாட்டினால் முதுகு முழுக்க மூடி, இரண்டு கையும் வேலைக்கு விட்டுக்கொடுக்கும். ஆனால் அது நடமாடிக்கொண்டே போடுவது, காலை மூடாது. தலைவழியே மாட்டிக்கொள்ளும் மழை அங்கியான பான்சோவுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். நாலாவது சொல்லாகக் கையேட்டில் சேருங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

ஒண்டுபை பிடித்திருக்கிறது. ஆனால் கடையில் கிடைப்பது இரண்டு வகை. இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டால் விலை குறைந்ததைத்தான் வாங்குவார்கள். வெள்ளிநிற மெல்லிய பை நூறு கிராம் அளவில் இருக்கும், சூட்டைத் திருப்பும், முள்ளில் பட்டால் போச்சு. இன்னொன்று ஆரஞ்சு நிறத் தடித்த பாலித்தீன். 500 கேஜ் என்பார்கள், 125 மைக்ரான். எடை 300 கிராமை ஒட்டி வரும். சூட்டைத் திருப்பாது, ஆனால் காற்றையும் மழையையும் அசையாமல் தடுக்கும், தேடி வருபவர் கண்ணுக்கும் தூரத்திலேயே தெரியும். நம் மலைகளில் உண்ணிச்செடியும் முள்ளும் அதிகம், அதனால் என் ஓட்டு தடித்ததற்கே. 'மென் ஒண்டுபை', 'தடி ஒண்டுபை' என்று பிரித்து எழுதுங்கள்.

பயன்படுத்தும் முறையையும் சொல்லோடு சேர்த்தே எழுத வேண்டும். படுப்பதைவிட உட்காருவது நல்லது, தரையைத் தொடும் பரப்பு குறையும். நனைந்த மேல்சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்ட பிறகே பைக்குள் போக வேண்டும். பையின் மூடிய முனை தலைக்கு மேல் வரும்படி கவிழ்த்துப் போடுங்கள். அந்த முனையிலிருந்து ஒரு சாண் கீழே முகம் மட்டும் வெளியே தெரியும் அளவுக்குத் துளை வேண்டும். மேலே ஏறும் சூடான காற்று உள்ளேயே தங்கும், மூச்சுக் காற்று வெளியே போகும். முகத்தையும் உள்ளே வைத்துக்கொண்டால் மூச்சு முட்டும், மூச்சின் ஈரம் சட்டையை நனைத்துவிடும். துளை சரியாக இருந்தாலும் உடம்பு விடும் ஆவியால் விடிவதற்குள் உட்புறம் வியர்த்திருக்கும். அதை ஓட்டை என்று எண்ணிப் பையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

அடியில் போடுவதை எல்லோரும் மறக்கிறார்கள். 10 மி.மீ. கனமுள்ள ஈவிஏ ஃபோமை (ரப்பர் போல மெத்தென்ற நுரைத் தகடு) 40க்கு 30 செ.மீ. அளவில் வெட்டினால் முதுகுப் பையின் பின்பக்கம் அடங்கும். உட்காரும் இடத்தில் போட அது போதும். அதற்கு நம் பக்கத்துப் பேச்சிலேயே பெயர் இருக்கிறது: 'குந்துமெத்தை'. அது இல்லாவிட்டால் காலியான முதுகுப் பை, கயிற்றுச் சுருள், காய்ந்த சருகு, எதுவாவது அடியில் இருக்கட்டும்.

இன்னும் ஒரு சொல். ஹைப்போதெர்மியாவுக்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறீர்கள்? 'தாழ்வெப்பநிலை' என்றால் வானிலைச் செய்தி மாதிரி இருக்கிறது. 'ஜன்னி' என்று எழுதினால் காய்ச்சல் என்று நினைத்துவிடுவார்கள். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதுதான் இது. 'சூடிழப்பு' என்று போடலாம். பனி பெய்தால்தான் வரும் என்று நினைக்கக் கூடாது. மார்கழியில் சட்டை நனைந்து மேலே காற்றும் அடித்தால் 15 டிகிரியிலேயே வரும். நாக்கு குழறும், பொத்தானைப் போட விரல் வராது, நடை தள்ளாடும். அதன் பிறகு நடுக்கம் தானாக நின்றால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். கைகாலைத் தேய்க்கக் கூடாது, சாராயம் கொடுக்கக் கூடாது. நெஞ்சுக்கும் அக்குளுக்கும் முதலில் சூடு போக வேண்டும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அங்கே வையுங்கள்.

தருமபுரியிலிருந்து:

எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொள்கிறோம். ஒண்டுகூட்டில் மட்டும் ஒரு கேள்வி. 'ஒண்டுகூரை' என்றால் இன்னும் சுலபமாகப் புரியாதா?

ஓசூரிலிருந்து:

கூரை என்றால் நாலு மூலையிலும் கயிறு கட்டிய தார்ப்பாய் என்று நினைத்துக்கொள்வார்கள், அதைக் கட்ட மரம் தேடுவார்கள். இதற்கு மரமே வேண்டாம். எதிரெதிரே உட்கார்ந்து, துணியின் விளிம்பை அவரவர் அடியில் மடித்துப் போட்டு, முதுகால் தள்ளினால் தானாக நிற்கும். நாலு பேர் மூச்சும் உடம்பும் சேர்ந்தால் சில நிமிடத்தில் உள்ளே கதகதப்பாகிவிடும். காற்றுத் துவாரத்தை மூடக் கூடாது, உள்ளே அடுப்பு பற்றவைக்கவும் கூடாது. 'கூடு'தான் பொருந்தும்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ஒண்டுபையின் முகத்துளையை வீட்டிலேயே வெட்டி, விளிம்பைச் சுற்றி அகலமான டேப் ஒட்டிவிட வேண்டும். இருட்டில், விரல் மரத்த நிலையில் கத்தியால் வெட்டினால் வெட்டு நீண்டு பையே பிளந்துவிடும். டேப் ஒட்டிய பிறகு ஒரு தடவை போட்டுப் பார்த்து மடித்து, குந்துமெத்தைக்கும் முதுகுப் பைக்கும் நடுவில் செருகிவைக்கச் சொல்லுங்கள்.