லண்டன் சுற்றப் போகும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

லண்டனுக்குக் குடிவந்த புதிதில் எல்லோரும் சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, சவுத் கென்சிங்டனில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று பெரிய மியூசியங்கள் என்று எங்கே போனாலும் உள்ளே போகக் காசு கிடையாது. காசு போவதெல்லாம் சாப்பாட்டில்தான். என் அப்பா அம்மா முதல்முறை வந்திருந்தபோது, லெஸ்டர் ஸ்குவேர் பக்கம் மணி ஒன்றரை ஆகி, பையன் பசியில் அழ ஆரம்பித்த பிறகு, கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்துவிட்டோம். தண்ணீர் கேட்டால் பாட்டில் வந்தது, அதற்குத் தனி விலை, பில்லின் அடியில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. அப்பா பில்லை வாங்கிப் பார்த்து அதை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க எதை வாங்கித் தரட்டுமா என்று கேட்டாலும் "பசிக்கலப்பா" என்றே சொன்னார். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், எங்கே சாப்பிடுவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பசி வந்த பிறகு தேடினால் விலை பார்க்கிற பொறுமை யாருக்கும் இருக்காது. 

ஹோட்டலில் உட்கார்ந்தால் "டாப் வாட்டர்", அதாவது குழாய்த் தண்ணீர், என்று கேளுங்கள். உட்கார்ந்து குடிக்க மது விற்கும் உரிமம் உள்ள எந்தக் கடையும் குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம், கேட்பதில் கூச்சமே வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் பரிமாறியவர் நன்றாகக் கவனித்திருந்தால் நான் கொடுத்துவிடுவேன், 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் ஊழியர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அப்புறம், காபிக் கடைகளில் "ஈட் இன் ஆர் டேக் அவே?" என்று கேட்பதைச் சும்மா பேச்சுக்குக் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஆறின சாண்ட்விச்சை வெளியே எடுத்துப்போனால் வாட் வரி கிடையாது, அதையே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம். சூடான சாப்பாடு என்றால் பார்சலுக்கும் வரி உண்டு.

ஒன்றும் யோசிக்க நேரமில்லை என்றால் சூப்பர் மார்க்கெட்டில் மீல் டீல் வாங்குங்கள். ஒரு சாண்ட்விச் அல்லது ராப், ஒரு சிப்ஸ் அல்லது பழம், ஒரு பானம், மூன்றும் சேர்த்து நான்கு பவுண்டு அளவில் முடியும். டெஸ்கோவில் அந்த விலை கிடைக்க அவர்களுடைய உறுப்பினர் அட்டையான கிளப்கார்டு வேண்டும், போனிலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். வயிறு நிறையும், மனசு நிறையாது. நம் பெரியவர்களுக்கு ஜில்லென்ற ரொட்டியை மதியச் சாப்பாடு என்று கொடுத்தால் பாவம், எத்தனை நாள்தான் சாப்பிடுவார்கள்?

சூடாகச் சோறு வேண்டும் என்றால் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஃபிட்ஸ்ராய் ஸ்குவேரில் இருக்கும் இந்தியன் ஒய்எம்சிஏ விடுதி. வாரன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடை, பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்தும் நடந்தே வந்துவிடலாம். இங்கே படிக்க வரும் இந்திய மாணவர்களுக்காக 1920-இல் இதை ஆரம்பித்தவர் கே.டி. பால், நம்ம சேலத்துக்காரர். தங்குபவர்கள் மட்டுமல்லாமல் வெளியாட்களும் அதன் கேன்டீனில் சாப்பிடலாம், தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று சோறு, பருப்பு, கறி என்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நேரம் தவறினால் மூடிவிடுவார்கள், அதனால் போகும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், யூஸ்டன் ஸ்டேஷன் பக்கம் டிரம்மண்ட் ஸ்ட்ரீட் இருக்கிறது. அங்கே சைவக் கடைகளில் மதியம் பஃபே கிடைக்கும், தோசையும் உண்டு.

வார நாளில் சுற்றுகிறவர்கள் லெதர் லேன், ஒயிட்கிராஸ் ஸ்ட்ரீட் போன்ற தெருச் சந்தைகளுக்குப் போகலாம். ஆபீஸ் ஆட்கள் வரிசையில் நிற்கும் கடையில் அளவும் நன்றாக இருக்கும், விலையும் நியாயமாக இருக்கும். பரோ மார்க்கெட் பார்க்க அழகுதான், ஆனால் நான்கு பேர் வயிறார அங்கே சாப்பிடுவது நம் பட்ஜெட்டுக்குச் சரிவராது. பப் என்றால் நாம் தயங்குகிறோம், ஆனால் பகலில் பல பப்களில் குழந்தைகளோடு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது இங்கே சாதாரணம். ஊரெங்கும் கிளைகள் உள்ள வெதர்ஸ்பூன் பப்களில் விலை குறைவு, சைவக்காரர்களுக்கு ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு) இருக்கும்.

டவர் பிரிட்ஜ் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பக்கமே சாப்பிட இடம் தேடாதீர்கள். டவர் ஹில் ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயில் ஏறினால் அரை மணிக்குள் ஈஸ்ட் ஹாம். அந்த ஹை ஸ்ட்ரீட்டில் நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் யாழ்ப்பாணத்தவர்களின் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. கொத்து ரொட்டி ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும், மட்டன் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நடக்கலாம். பாதி நாள் சுற்றிவிட்டு மதியம் இங்கே வந்து, அப்படியே மளிகையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் எங்கள் வழக்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், ஆனால் எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது கட்டுச்சோறுதான். வெளியே உட்கார்ந்து புளியோதரையைத் திறக்கப் புதிதாக வந்தவர்கள் வெட்கப்படுகிறார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. தயவு செய்து அதை விட்டுவிடுங்கள். இந்த ஊர்க்காரர்களே வீட்டிலிருந்து சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்து புல்லில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ரயிலிலும் மியூசியத்தில் பொருட்களைப் பார்க்கும் கூடங்களிலும் மட்டும் டப்பாவைத் திறக்க வேண்டாம். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தின் கீழ்த்தளத்தில் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிடவே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், மழை நாளில் அது பெரிய உதவி. தயிர்சாதம் கொண்டுபோனால் பாலைக் கூடுதலாக விட்டுப் பிசையுங்கள், மதியம் வரை புளிக்காது. 

அடுத்த தடவை அப்பா வந்தபோது பக்கிங்ஹாம் அரண்மனையைப் பார்த்துவிட்டு செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். குளத்தில் இருந்த கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அங்கே கோடையில் போட்டிருக்கும் துணி நாற்காலிகளுக்கு மட்டும் வாடகை கேட்பார்கள், மர பெஞ்சும் புல்தரையும் இலவசம்.